டி அல்லாத சுருதியில் ஐரிஷ் புல்லாங்குழல் வாங்கப் போகிறவர்களுக்கு

ஐரிஷ் புல்லாங்குழல் வாசிக்க ஆரம்பித்து ஒன்றிரண்டு வருடம் ஆனவர்களுக்கு ஒரு நாள் இந்த ஆசை வந்தே தீரும். செஷன், அதாவது எல்லோரும் கூடி உட்கார்ந்து மரபுப் பாட்டுகளை வாசிக்கிற கூட்டம், முடிகிற நேரத்தில் யாராவது ஒருவர் பையிலிருந்து நீளமான இன்னொரு குழலை எடுத்து மெதுவான பாட்டு ஒன்றை ஊதுவார், பேசிக்கொண்டிருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள். "இது பி பிளாட்" என்பார், பி சுரத்துக்கு அரைக் கட்டை கீழே என்று அர்த்தம். அன்று ராத்திரியே நாம் விலை தேட உட்கார்ந்துவிடுவோம். நானும் அப்படித்தான் உட்கார்ந்தேன், அவசரப்பட்டு ஒன்றை வாங்கவும் செய்தேன். அதில் பட்டதையும், அப்புறம் நாலைந்து குழல்களை வாங்கி, விற்று, மாற்றிக் கற்றதையும் புதிதாக வருகிறவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

எந்தக் குழல் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அயர்லாந்தின் மரபிசையில் ஊதுவது ஆறு துளை உள்ள, பக்கவாட்டில் பிடிக்கிற மரக்குழல். தலைப்பகுதி உள்ளே ஒரே அகலமாக இருக்கும், உடல்பகுதி கீழே போகப் போகக் குறுகும். 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் கச்சேரி வாசிப்புக்காகச் செய்த குழல்கள்தான் இதற்கு மூலம், ருடால் அண்ட் ரோஸ், பிராட்டன் என்ற பெயர்கள் இன்றைக்கும் குழல் செய்கிறவர்கள் வாயில் அடிபடுவது அதனால்தான். தியோபால்ட் போம் 1847இல் கொண்டுவந்த புது அமைப்புக்கு மற்றவர்கள் மெல்ல மாறியபோது பழைய மரக்குழல்கள் மலிவாகக் கிடைத்தன, அயர்லாந்தின் கிராமத்து வாசிப்பாளர்கள் அவற்றைக் கையில் எடுத்தார்கள். ஆறு துளையையும் மூடினால் டி, நம் கட்டைக் கணக்கில் இரண்டு. பிடிலின் தந்திகள் ஜி, டி, ஏ, இ என்று நிற்பதால் பாட்டுகளில் பெரும்பகுதி டியிலும் ஜியிலும் வந்து விழுகிறது, இந்தக் குழலும் அதற்குத் தோதாக இருக்கிறது. அதனால் உங்களிடம் டி குழல் இன்னும் இல்லை என்றால் வேறு எதையும் வாங்க வேண்டாம். இந்தக் கட்டுரை இரண்டாவது குழல் வாங்குகிறவர்களுக்கானது.

யாரோடு வாசிக்கப் போகிறீர்கள்?

சுருதியைத் தேர்ந்தெடுக்கும்போது எல்லோரும் செய்கிற தவறு, கேட்ட நாதத்தில் மயங்கி வாங்குவது. நாதம் முக்கியம்தான், ஆனால் கூட வாசிக்க ஆள் இல்லாத சுருதியில் ஒரு குழலை வாங்கினால் அது பெட்டியிலேயே கிடக்கும். ஆகவே முதல் வேலை, உங்களைச் சுற்றி யார் என்ன சுருதியில் வாசிக்கிறார்கள் என்று பார்ப்பது.

இ பிளாட் குழல் டியைவிட அரைக் கட்டை மேலே. சில ஊர்களில், சில குழுக்களில், பிடில்காரர்கள் தந்திகளை அரைக் கட்டை ஏற்றிக் கட்டிக்கொள்வார்கள், வாத்தியத்துக்கு ஒரு பளபளப்பு வரும் என்பதற்காக. பிடிலுக்கு அது முறுக்காணியைத் திருகுகிற வேலை. குழலுக்கு அப்படி முடியாது, தனிக் குழல்தான் வேண்டும். நீங்கள் போகும் செஷனில் மாதம் ஒரு முறையாவது இப்படி நடந்தால் இ பிளாட் வாங்குங்கள், வீண் போகாது. விரல் தூரம் டியைவிடக் கொஞ்சம் குறைவு, கைக்கும் சிரமம் இல்லை.

சி குழல் டியைவிட ஒரு முழுக் கட்டை கீழே. பாடுகிறவர்களோடு சேர்ந்து வாசிக்கிறவர்களுக்கு இது நல்ல துணை. தனியாக வீட்டில் உட்கார்ந்து வாசிக்கத்தான் ஒன்று வேண்டும் என்கிறவர்களுக்கும் நான் இதைத்தான் சொல்வேன், நாதம் கனமாக இறங்கிவிடும், விரல்களும் சமாளித்துக்கொள்ளும்.

பி பிளாட் குழலுக்கு நியாயமான காரணம் ஒன்று உண்டு. இல்லன் பைப்ஸ் என்கிற அயர்லாந்தின் துருத்திக் குழல் இன்று பெரும்பாலும் டியில்தான் செய்யப்படுகிறது, ஆனால் 19ஆம் நூற்றாண்டில் டப்ளினில் கென்னா, காய்ன் போன்றவர்கள் செய்தவை சி, பி, பி பிளாட் என்று தணிந்த சுருதியில் இருந்தன. உட்துளை ஒடுக்கமாக இருப்பதால் அவற்றின் சத்தம் மென்மையாக இருக்கும். அந்த வகையை இன்றும் செய்கிறார்கள், விரும்பி வாசிக்கிறார்கள். கிளேர் மாவட்டத்தில் மில்டவுன் மல்பேயில் 1973 முதல் ஜூலை தோறும் நடக்கிற வில்லி கிளான்சி கோடைப் பள்ளிக்குப் போனால், ஏதாவது ஒரு சமையலறை மூலையில் பி பிளாட் பைப்ஸும் பி பிளாட் குழலும் சேர்ந்து ஒலிப்பதைக் கேட்கலாம். அப்படி ஒரு பைப்ஸ்காரர் உங்கள் ஊரில் இருக்கிறாரா? இருந்தால் யோசிக்கவே வேண்டாம். இல்லையென்றால் சியிலேயே ஆரம்பிப்பது நல்லது என்பது என் கருத்து.

எஃப், ஜி, ஏ இவற்றைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். எஃப் குழல் சின்னதாக, கைக்கு அடக்கமாக இருக்கும், குழந்தைகளுக்கும் சிறிய கை உள்ளவர்களுக்கும் ஏற்றது. மேல் ஏ, மேல் ஜி மிகவும் கூர்மையானவை, பக்கத்து வீட்டுக்காரர்களை மனதில் வைத்து வாங்குங்கள். கீழ் ஏ அழகானது, ஆனால் விரல்களை ரொம்பவே அகட்ட வேண்டும்.

இங்கே ஒரு சின்னக் கணக்கு தெரிந்திருந்தால் போதும். ஆறு துளைக் குழலில் சுலபமாக வருகிற சுருதிகள் இரண்டு: எல்லாத் துளையும் மூடிய சுரம் ஒன்று, மேல் மூன்று துளை மட்டும் மூடிய சுரம் இன்னொன்று. டி குழலில் அவை டி, ஜி. இ பிளாட்டில் இ பிளாட், ஏ பிளாட். சியில் சி, எஃப். பி பிளாட்டில் பி பிளாட், இ பிளாட். எஃப்பில் எஃப், பி பிளாட். ஏயில் ஏ, டி. டி குழலில் ஏ மேஜர் பாட்டுகள் இடறுவதற்குக் காரணம் ஜி ஷார்ப்புக்கு அதில் தனித் துளை இல்லை, பாதித் துளை மூடித்தான் எடுக்க வேண்டும், வேகப் பாட்டில் அது நடக்காது. ஏ குழலில் அதே பாட்டு தானாக வரும். உங்களுக்குத் தேவையான பாட்டுகள் எந்தச் சுருதியில் இருக்கின்றன என்று ஒரு தாளில் எழுதி, இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். பாதிப் பேருக்கு அங்கேயே விடை கிடைத்துவிடும்.

நோட்டுப் பார்த்து வாசிக்கிறவர்கள் பயப்பட வேண்டாம். எந்தக் குழல் கையில் இருந்தாலும் தாளில் டி என்றால் டி விரல், ஜி என்றால் ஜி விரல். வெளியே வேறு சுருதியில் வரும், அவ்வளவுதான். கர்நாடக சங்கீதம் பழகி வந்தவர்களுக்கு இதில் புதுமையே இல்லை, ஐந்து கட்டைக்கு ஒரு குழல், ஆறு கட்டைக்கு ஒரு குழல் என்று மாற்றிக்கொண்டு அதே சரிகமபதநியை வாசிப்பதுதானே நம் வழக்கம்.

பெயரை நம்பாதீர்கள், சுரத்தைக் கேளுங்கள்

இதில் ஏமாந்தவர்கள் நிறைய. குழலுக்குச் சுருதிப் பெயர் வைப்பதில் ஒரே வழக்கம் கிடையாது. ஐரிஷ் வழக்கத்தில் ஆறு துளையையும் மூடினால் வருகிற சுரமே பெயர். ஆர்க்கெஸ்ட்ரா வழக்கம் வேறு: அங்கே ஆறு விரல் சுரம் டியாக இருக்கிற சாதாரணப் புல்லாங்குழலை "சி" என்றே சொல்வார்கள். அந்தக் கணக்கில் "ஜி" ஆல்டோ புல்லாங்குழலின் ஆறு விரல் சுரம் ஏ, "எஃப்" என்று எழுதியிருக்கிற குழலின் ஆறு விரல் சுரம் ஜி. பழைய பேண்டுக் குழல்களை விற்கிறவர்கள் இரண்டில் எந்தப் பெயரை வேண்டுமானாலும் எழுதியிருக்கலாம்.

வட இந்தியப் பான்சுரி வாங்குகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அதில் மேல் மூன்று துளை மூடினால் வருவது ஸ, அந்த ஸதான் பெயர். ஆறையும் மூடினால் கீழ்ப் பஞ்சமம். ஆக, "ஜி பான்சுரி" என்று எழுதியிருப்பதன் அடிச்சுரம் டி! ஐரிஷ் டி குழலுக்கு அதுதான் இணை. நம் கர்நாடகக் குழலில் துளை எட்டு, இரண்டு துளை மூடினால் ஸ, அந்தக் கட்டைப் பெயரை இங்கே கொண்டுவந்து பொருத்திப் பார்த்தால் ஒன்றும் ஒட்டாது.

அதனால் விற்பவரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: ஆறு துளையையும் மூடி மெதுவாக ஊதினால் என்ன சுரம், அது டியின் அடிச்சுரத்துக்கு மேலா கீழா? "ஏ குழல்" என்றால் மேல் ஏயாகவும் இருக்கலாம், கீழ் ஏயாகவும் இருக்கலாம். இரண்டுக்கும் இடையே ஒரு முழு ஸ்தாயி வித்தியாசம்.

உங்கள் விரல் எட்டுமா?

காசு கொடுப்பதற்கு முன்னால் செய்ய வேண்டிய சோதனை இது. அரை மணி நேரம் போதும்.

குழல் கீழே இறங்க இறங்க நீளமும் துளை இடைவெளியும் கூடும். ஒவ்வொரு அரைக் கட்டைக்கும் ஏறக்குறைய 6 சதவீதம். டியை ஒன்று என்று வைத்தால் சிக்கு 1.12, பி பிளாட்டுக்கு 1.26, கீழ் ஏவுக்கு 1.33. மேலே போனால் இ பிளாட் 0.94, எஃப் 0.84. உங்கள் டி குழலை மேசைமேல் வைத்து, வலது கையின் முதல் துளை மையத்திலிருந்து மூன்றாவது துளை மையம் வரை அளந்துகொள்ளுங்கள். 7 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். பி பிளாட்டில் அது 8.8 செ.மீ. ஆகிறது. எண்ணாகப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஒரு அங்குல பிவிசி குழாயோ, இறுக்கிச் சுருட்டிய செய்தித்தாளோ எடுத்து, பெருக்கி வந்த தூரத்தில் ஆறு புள்ளி வைத்து, கறுப்பு மையால் வட்டம் போட்டு, குழல் பிடிக்கிற மாதிரி தோளுக்குப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். வாயருகே பிடிக்க வேண்டும், மடியில் வைத்துப் பார்த்தால் எல்லாருக்கும் எட்டும்.

நான் முதன்முதலில் பி பிளாட் குழலைக் கையில் எடுத்தபோது மேல் நாலு துளையும் அடங்கின, ஐந்தும் அடங்கியது, ஆறாவது துளைக்கு மோதிர விரல் போய்ச் சேர்ந்தது என்றுதான் நினைத்தேன். ஊதினால் வெறும் காற்று. விரலை எடுத்துப் பார்த்தேன், விரல் நுனியில் துளையின் அச்சு முழு வட்டமாகப் பதிந்திருக்க வேண்டும், பதிந்திருந்தது பிறைநிலா மாதிரி பாதிதான். மீதிப் பாதி வழியாகத்தான் காற்று போயிருக்கிறது. அன்றிலிருந்து புதுக் குழல் எதை எடுத்தாலும் அடிச்சுரத்தை அழுத்திப் பிடித்துவிட்டு விரல் நுனிகளைப் பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. ஆறு விரலிலும் முழு வட்டம் இருக்கிறதா என்று நீங்களும் பாருங்கள், எது ஒழுகுகிறது என்பதை விரலே காட்டிக்கொடுக்கும்.

எட்டவில்லை என்றால் உடனே கைவிட வேண்டியதில்லை. நுனிவிரலுக்குப் பதிலாக விரலின் நடுக்கணுவின் சதையால் மூடுகிற பிடி ஒன்று உண்டு, பைப்ஸ்காரர்களின் பிடி அது. விரல் தட்டையாகக் கிடப்பதால் ஒரு செ.மீ. அளவுக்கு எட்டம் கூடும். இரண்டு வாரம் கூச்சமாக இருக்கும், அப்புறம் பழகிவிடும். குழலிலேயே கேட்டு வாங்கக்கூடிய வசதிகளும் இருக்கின்றன. உடலை இரண்டு துண்டாகச் செய்தால் வலது கைப் பகுதியைத் தனியாகத் திருப்பி வைத்துக்கொள்ளலாம். ஆறாவது துளையை நேர்க்கோட்டில் வைக்காமல் மோதிர விரல் பக்கமாகத் தள்ளி வைக்கச் சொல்லலாம், இது மிகவும் உதவும், நான் கேட்காமல் விட்டு வருந்தியதும் இதைத்தான்.

இன்னொரு வழியும் உண்டு, ஆனால் அதற்கு விலை இருக்கிறது. துளையைச் சிறிதாக்கினால் அதை வாய்ப்பக்கம் ஏற்றி வைத்தும் அதே சுரத்தை எடுக்கலாம். செய்கிறவர்கள் எல்லோருமே கொஞ்சம் இப்படிச் செய்வார்கள். அதிகமாகச் செய்தால் அந்தச் சுரம் மெலிந்து மூச்சுத் திணறுகிற மாதிரி ஆகிவிடும். துளைகள் வியக்கத்தக்க அளவு நெருக்கமாக இருக்கிற பி பிளாட் குழலைப் பார்த்தால், கீழ் மூன்று சுரங்களையும் தனித்தனியாக ஊதிக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

மரமா, பாலிமரா?

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அபூர்வச் சுருதியில் வாங்குகிற முதல் குழல் பாலிமராக இருக்கட்டும். மரம் பிடிக்காதவன் இல்லை நான், என் டி குழல் மரம்தான், தினமும் அதைத்தான் ஊதுகிறேன். ஆனால் தினமும் ஊதுவதுதான் இங்கே விஷயமே.

மரக்குழல் உயிருள்ள பொருள் மாதிரி. ஊதும்போது உள்ளே ஈரம் ஏறும், வைத்துவிட்டால் காயும். தினமும் கொஞ்சம் ஈரமும் கொஞ்சம் காய்ச்சலுமாக இருந்தால் மரம் ஒரு நிலைக்கு வந்துவிடும். மூன்று வாரம் பெட்டியில் கிடந்துவிட்டு ஒரு நாள் திடீரென இரண்டு மணி நேரம் ஊதப்பட்டால், உள்பக்கம் வீங்க, வெளிப்பக்கம் காய்ந்தே இருக்க, மரம் என்ன செய்யும்? பிளக்கும். பி பிளாட், எஃப் போன்ற குழல்களை யாரும் தினமும் எடுப்பதில்லை. அதாவது மரத்துக்கு எது ஆகாதோ அந்த மாதிரிப் புழக்கத்தில்தான் இந்தக் குழல்கள் வாழ்கின்றன.

என் முதல் பி பிளாட் மரத்தில் வாங்கியது, ஏற்கெனவே ஒருவர் வைத்திருந்த குழல். குளிர்காலம், வீட்டுக்குள் ஹீட்டர் ராப்பகலாக ஓடுகிறது, ஒரு மாதம் அதை எடுக்கவே இல்லை. ஜனவரியில் ஒரு காலை எடுத்து ஊதினால் அடிச்சுரம் வரவில்லை. விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. ஊதுதுளைக்குப் பக்கத்தில் நகத்தால் குறுக்கே தடவியபோதுதான் தட்டுப்பட்டது, முடியளவு கோடு, ஊதுதுளையிலிருந்து ஸ்லைடு வரைக்கும். ஸ்லைடு என்பது சுருதி சேர்ப்பதற்காக இழுத்து நீட்டுகிற இணைப்பு. தலைப்பகுதியின் உள்ளே ஸ்லைடுக்காக உலோகக் குழாய் ஓடுகிற குழல்களில் இந்த ஆபத்து கூடுதல், மரம் காய்ந்து சுருங்கப் பார்க்கும், உலோகம் விட்டுக்கொடுக்காது, இடையில் மரம்தான் கிழியும். ஒட்டிச் சரிசெய்யலாம், நானும் செய்தேன். ஆனால் அதற்கு ஆன செலவில் பாலிமரில் புதுக் குழலுக்குப் பாதிக் காசு தேறியிருக்கும்.

பாலிமர் என்றால் பெரும்பாலும் டெல்ரின், அசிட்டால் வகைப் பிளாஸ்டிக். கடைசலில் மரம் மாதிரியே கடைந்து செய்வார்கள், அதனால் ஊதுதுளையின் விளிம்பை எவ்வளவு கூராக வேண்டுமானாலும் வெட்டலாம். ஈரம் ஏறாது, காயாது, பிளக்காது. எண்ணெய் வேண்டாம். காரிலே மறந்து வைத்துவிட்டால் மனசு பதற வேண்டாம். டோனி டிக்சன், டெசி சீரி, எம் அண்ட் ஈ போன்றவை பாலிமர் குழல்களில் அடிபடுகிற பெயர்கள், மரத்தில் செய்கிற பலரும் டெல்ரினிலும் செய்து தருகிறார்கள். விலை சில நூறு யூரோவில் முடிந்துவிடும், கையால் செய்த மரக்குழல் ஆயிரத்தை ஒட்டியோ தாண்டியோ போகும்.

குறைகளையும் சொல்ல வேண்டும். டெல்ரினின் அடர்த்தி ஏறக்குறைய 1.4, ஆப்பிரிக்கக் கறுப்பு மரம் 1.2ஐ ஒட்டி நிற்கும். டி குழலில் இந்த வித்தியாசம் தெரியாது, பி பிளாட் நீளத்தில் ஒரு மணி நேரம் தூக்கிப் பிடித்தால் இடது தோள் சொல்லும். மூச்சின் நீரை அது உறிஞ்சாது என்பதால் உள்ளே முத்து முத்தாகத் திரண்டு துளை வழியே வழியும், உதட்டுத் தகடும் வியர்வையில் கொஞ்சம் வழுக்கும். நாதம்? இதில் சண்டை ஓயவே ஓயாது. என் காதுக்குப் பட்டதைச் சொல்கிறேன்: ஊதுதுளையை எப்படி வெட்டியிருக்கிறார்கள், உள்துளை எப்படிக் குறுகுகிறது என்பதுதான் முக்கால்வாசி நாதத்தை முடிவு செய்கிறது. நன்றாக வெட்டிய டெல்ரின் குழல் சுமாராக வெட்டிய மரக்குழலை எப்போதும் வென்றுவிடும்.

மரம்தான் வேண்டும், வாரத்துக்கு நாலு நாளாவது ஊதுவேன் என்று உறுதியாக இருந்தால் தாராளமாக வாங்குங்கள். ஆப்பிரிக்கக் கறுப்பு மரம் என்றதும் நம் கருங்காலி என்று நினைத்துவிட வேண்டாம். அது தான்சானியா, மொசாம்பிக் பக்கம் விளைகிற மரம், அங்கே இம்பிங்கோ என்பார்கள், நம் ஈட்டி மரத்தின் நெருங்கிய உறவு, இரண்டும் டால்பெர்ஜியா இனம். இந்த இனம் முழுவதும் 2017 முதல் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கிறது. செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு 2019 கடைசியில் விலக்குக் கொடுத்தார்கள், ஆனால் பிரேசில் ரோஸ்வுட்டுக்கு அந்த விலக்குக் கிடையாது. பழைய குழல்களில் யானைத் தந்தத்தால் ஆன வளையம் இருந்தால் எல்லை தாண்டும்போது தனிச் சிக்கல். குழல் வேறு நாட்டிலிருந்து வருகிறது என்றால் என்ன மரம், வளையம் என்ன பொருள் என்று எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்லைடை நம்பி வாங்காதீர்கள், பழைய குழலையும்

"இ பிளாட் வாங்கி ஸ்லைடை இழுத்தால் டியாகிவிடும்தானே, ஒன்றிலேயே இரண்டு" என்று என்னிடம் இரண்டு மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். ஆகாது. அரைக் கட்டை இறங்க மூன்று செ.மீ.க்கு மேல் இழுக்க வேண்டும். அப்படி இழுத்தால் ஊதுதுளைக்குப் பக்கத்தில் இருக்கும் துளைகளின் சுரம் அதிகமாக இறங்கும், தூரத்துத் துளைகளின் சுரம் குறைவாக இறங்கும், குழல் தனக்குள்ளேயே அபசுரமாகிவிடும். ஸ்லைடு இருப்பது சின்னச் சரிசெய்தலுக்கு மட்டும்.

ஆனால் அந்த ஆசைக்கு நல்ல வழி ஒன்று உண்டு. 18ஆம் நூற்றாண்டிலேயே ஒரு குழலுக்கு நீளம் மாறுபட்ட பல நடுத்துண்டுகள் செய்து பெட்டியோடு கொடுத்தார்கள். இன்றும் சிலர் ஒரே தலைக்கு டி உடல், இ பிளாட் உடல் என்று இரண்டு செய்து தருகிறார்கள். உங்கள் டி குழலைச் செய்தவரிடமே கேட்டுப் பாருங்கள், உடல் மட்டும் வாங்கினால் செலவு குறையும், உதட்டுக்கும் பழகிய ஊதுதுளை. பி பிளாட் அளவுக்கு இறங்கினால் தலையும் மாறினால்தான் நன்றாக இருக்கும்.

பழம்பொருள் கடையில் "இ பிளாட் மாதிரி இருக்கிறது" என்று ஒரு 19ஆம் நூற்றாண்டுக் குழல் கிடைத்தால் கொஞ்சம் நிதானியுங்கள். அந்தக் காலத்து இங்கிலாந்தில் ஏ சுரம் 452 ஹெர்ட்ஸ் வரை ஏறியிருந்தது, இன்று 440. அந்த வித்தியாசம் ஏறக்குறைய அரைக் கட்டையில் பாதி. அதாவது அன்றைய டி குழல் இன்றைய டிக்கும் இ பிளாட்டுக்கும் நட்ட நடுவில் நிற்கும், இரண்டு கூட்டத்தோடும் சேராது.

செய்கிறவருக்கு எழுதும்போது

தயங்காமல் விவரமாக எழுதுங்கள், கேள்வி கேட்கிறவர்களை அவர்களுக்குப் பிடிக்கும். ஏறக்குறைய இப்படி: "ஆறு விரல் சுரம் பி பிளாட், டியின் அடிச்சுரத்துக்குக் கீழே. ஏ 440. டெல்ரின். உலோக விசைகள் வேண்டாம். என் டி குழலில் வலது கை முதல் துளைக்கும் மூன்றாம் துளைக்கும் நடுவே 7 செ.மீ., அதற்கு மேல் ஒன்றரை செ.மீ. வரை எட்டுகிறது. ஆறாவது துளையைத் தள்ளி வைக்க முடியுமா? உடல் இரண்டு துண்டாக வேண்டும். பிடிக்காவிட்டால் எத்தனை நாளுக்குள் திருப்பி அனுப்பலாம்?" இடது கைக்காரர் என்றால் முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள்.

விசைகள், அதாவது ஆறு துளையில் வராத சுரங்களுக்கான கூடுதல் துளைகளைத் திறந்து மூடுகிற உலோக நெம்புகள், வேண்டாம் என்று நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் விலை. விசை வைத்தால் விலை பன்மடங்காகும், அபூர்வச் சுருதிக் குழலை விற்க நேர்ந்தால் வாங்க ஆள் குறைவு. காத்திருப்பும் இருக்கும். அபூர்வச் சுருதிகளைப் பலரும் ஆர்டர் வந்தால்தான் செய்வார்கள், மாதக்கணக்கில் ஆகலாம், பெயர்பெற்றவர்களிடம் வருடக்கணக்கிலும் ஆகும்.

கையில் வந்ததும்

முதல் வேலை ஒழுகல் சோதனை. உடல் துண்டை மட்டும் எடுத்து, எல்லாத் துளையையும் விரலால் மூடி, ஒரு முனையை உள்ளங்கையால் அடைத்து, மறுமுனையில் வாயை வைத்துக் காற்றை உறிஞ்சுங்கள். குழல் உதட்டோடு ஒட்டி ஒரு கணம் நிற்க வேண்டும். உடனே விட்டுவிட்டால் எங்கோ ஒழுகுகிறது. தலையையும் ஊதுதுளையை மூடிக்கொண்டு இப்படியே பாருங்கள்.

அப்புறம் ஐந்து நிமிடம் ஊதிச் சூடாக்கிய பிறகு டியூனர் வைத்துப் பாருங்கள். குளிர்ந்த குழலில் பார்த்தால் எல்லாம் இறங்கியே காட்டும். அடிச்சுரம், அதன் மேல்ஸ்தாயி, மூன்று விரல் சுரம், அதன் மேல்ஸ்தாயி, இந்த நாலும் ஒன்றோடொன்று சேர்ந்தால் குழல் நல்ல குழல். ஓரிரு சுரம் கொஞ்சம் முன்னே பின்னே இருப்பது உதட்டால் திருத்தக்கூடியது. அடிச்சுரம் மட்டும் மெலிந்தோ சரியாக வராமலோ இருந்தால், முதலில் விரலைச் சந்தேகப்படுங்கள், ஆறாவது விரல் இல்லை, ஐந்தாவது விரல். ஆறாவதை எட்டிப் பிடிக்கும் அவசரத்தில் ஐந்தாவது நகர்ந்து கொஞ்சம் திறந்திருக்கும்.

மரக்குழல் என்றால் முதல் சில வாரம் நாளைக்கு 10, 15 நிமிடம் போதும், மெல்ல மெல்லக் கூட்டுங்கள். ஊதி முடித்ததும் துணியால் உள்ளே துடைத்து, உள்பக்கம் அவ்வப்போது பாதாம் எண்ணெய் தடவி, பெட்டிக்குள் ஈரப்பதம் 50 சதவீதம் ஒட்டி இருக்கிற மாதிரி பார்த்துக்கொள்ளுங்கள். ஹீட்டர் மேல் மட்டும் வைக்காதீர்கள்.

தணிந்த சுருதிக் குழலில் முதல் வாரம் வேகப் பாட்டு எதையும் தொடாதீர்கள். மெதுவான பாட்டு ஒன்று, அதில் அடிச்சுரம் அடிக்கடி வருகிற ஒன்றாக எடுத்து, மூச்சை வேகமாகத் தள்ளாமல் அகலமாக, வெதுவெதுப்பாக விடுங்கள். டியில் ஊதுகிற வேகத்தில் ஊதினால் பி பிளாட் மேல்ஸ்தாயிக்குத் தாவிவிடும். வலது மணிக்கட்டு வலித்தால் நிறுத்திவிட்டு, குழலின் வால்பக்கத்தைக் கொஞ்சம் முன்னே நகர்த்தி, தலையை அதற்கேற்பத் திருப்பி மறுபடி பிடித்துப் பாருங்கள். மணிக்கட்டு நேராக நிற்கிற இடம் கிடைத்ததும் ஸ்லைடின் இரண்டு பக்கமும் பென்சிலால் ஒரு சின்னக் கோடு போட்டு வைத்துக்கொண்டால் அடுத்த தடவை தேட வேண்டியிருக்காது.